சங்கு ஓரம் வைத்த மேலாடை

தெனோச்தித்லான்,
எட்டு நாணல் ஆண்டு, கொடி ஏற்றும் மாதம்.

தலஷ்கலாவில் வாழும் என் எதிரி வீட்டுப் பெருமாட்டி ஷோகோவுக்கு,

உங்கள் அடுப்பில் நெருப்பும் உங்கள் குடத்தில் தண்ணீரும் குறையாதிருக்கட்டும்.

நான் தோச்சின். பெயரைக் கேட்டதும் இச்செய்தி கொண்டுவரும் போச்சோவின் மேல் கையை ஓங்கிவிடாதீர்கள். அவன் உப்பு கடத்துகிறவன், யார் பக்கமும் இல்லாதவன். தாளில் இருப்பவை என் மைத்துனன் தீட்டிய படங்கள். அவற்றுக்குரிய சொற்களை நான் சொல்லச் சொல்ல போச்சோ மனப்பாடம் செய்திருக்கிறான். அவன் வாயிலிருந்து வருவது முழுக்க என் பேச்சு. இருமல் மட்டும் அவனுடையது.

உங்கள் மகன் சிமல்லி உயிரோடு இருக்கிறான். அத்லிஷ்கோ போர்க்களத்தில் அவன் உச்சிமுடியைப் பிடித்துக் கைதியாக்கியவன் நான்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சண்டை போட்டான். என் முன்பல் ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது. முடி என் கைக்குள் வந்ததும் வழக்கப்படி, “நீ என் செல்ல மகன்” என்றேன். மூச்சு வாங்கியதே தவிர அவன் குரல் பிசகவில்லை. “நீங்க என் அன்பான அப்பா” என்றான். இந்த வார்த்தையை மாற்றிக்கொண்ட பிறகு அவன் என் பிள்ளை. ஆகவே நீங்களும் நானும் ஏதோ ஒரு வகையில் உறவு. சம்பந்தி என்று சொல்ல முடியாது. வேறு என்ன சொல்வதென்று என் மனைவி தெய்குவும் யோசித்துப் பார்த்துவிட்டாள்.

பகலில் எங்கள் தெருவின் பொது மரக்கூண்டில் இருப்பான். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவேன். அவன் மேல் எனக்கு ஒரே ஒரு புகார்தான். எங்கள் ஏரிப் பாசி அடையைத் தொடமாட்டேன் என்கிறான். தெய்கு கெஞ்சினாள். “அம்மா, கோவிச்சுக்காதீங்க, இத எங்க ஊர்ல தவளைக்குக்கூடப் போடமாட்டோம்” என்றான். அவள் அவனைத் திட்டவில்லை. உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டில் சிரிப்புக் கேட்டு வெகு நாளாயிற்று.

அவன் என்ன சாப்பிடுவான், எது ஆகாது என்று சொல்லி அனுப்புங்கள். தோல் உரிக்கும் மாதத் திருவிழா வரை அவன் நல்ல உடம்போடு இருக்க வேண்டும். பலி கொடுக்கும் வட்டக் கல்லில் இடுப்பைக் கட்டி நிறுத்தி, இறகு வைத்த தடியைக் கையில் கொடுத்துச் சண்டையிட விடும்போது ஊரே பார்க்கும். மெலிந்து நின்றால் எனக்குத்தான் அசிங்கம். இவன் நான் பிடித்த நான்காவது ஆள். இவனோடு எனக்கு உதட்டு மணியும் பெரிய வீரர்கள் மண்டபத்தில் உட்காரப் பாயும் கிடைக்கும். விருந்தில் எங்கள் உறவினர்கள் சாப்பிடுவார்கள், நான் ஒரு வாய்கூடத் தொடமாட்டேன். பெற்ற பிள்ளையை யாராவது தின்பார்களா?

உங்கள் ஊரில் உப்புக்குத் தவிக்கிறீர்கள் என்று தெரியும். தவிக்கவிட்டதே நாங்கள்தானே. ஒரு உப்புக்கட்டி அனுப்பியிருக்கிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிமல்லியின் தந்தை தோச்சின்.


தலஷ்கலா,
தண்ணீர் இறங்கும் மாதம்.

என் மகனைப் பிடித்துவைத்திருக்கும் தோச்சினுக்கு,

நலம் விசாரிக்கும் வாசகங்களை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலமாக இருப்பதில் எனக்கு ஒரு விருப்பமும் இல்லை.

உங்கள் உப்பை நாய்க்குப் போட்டேன். அது முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. போச்சோவை நான் அடிக்கவில்லை. கூழ் கொடுத்து, உங்கள் வார்த்தைகளை மறுபடி சொல்லச் சொன்னேன். சிமல்லி பேசிய இடத்தை மட்டும் இன்னும் சில தடவை சொல்லச் சொன்னேன். தவளையைப் பற்றிச் சொன்னது அவன்தான், சந்தேகமில்லை. இந்தக் கடிதத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பெயரில் இனிமேல் கையெழுத்து வைக்காதீர்கள். அவனுக்கு அப்பா இருக்கிறார். ஊர்ச் சபையில் உட்காருகிற, பேசினால் பத்து வீடு எழுந்து நிற்கிற அப்பா. அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொள்ளுங்கள். அத்லிஷ்கோவிலிருந்து ஆட்கள் திரும்பி வந்த அன்றே அவர் பைன் விறகைக் கட்டி ஒரு பொம்மை செய்து, அதற்குச் சிமல்லியின் துணியைக் கட்டி, கொளுத்தி, சாம்பலைக் கரைத்துவிட்டார். முகம் கழுவாமல் துக்கம் காத்தார். முடிந்ததும் கழுவிவிட்டார். “அவன் சூரியன்கிட்ட போறவன், ஷோகோ. அழுது அவன் காலக் கட்டாத” என்றார். இந்த வீட்டில் என் மகன் எனக்கு மட்டும்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.

கேட்டதற்குப் பதில். வான்கோழி முட்டை அவனுக்கு ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். இடது காதில் சிறு வயதில் சீழ் வந்தது, ஏரிக்காற்றில் திரும்பவும் வலிக்கலாம். சூடான உப்பால் ஒற்றடம் கொடுத்தால் நிற்கும். உங்களிடம்தான் உப்பு இருக்கிறதே. மிளகாயும் தக்காளியும் அரைத்து, பூசணி விதையை வறுத்துப் போட்டுக் கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுவான்.

இதையெல்லாம் நீங்கள் அவனைக் கொழுக்கவைக்க அல்ல, அவனுக்குக் காது வலிக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சிமல்லியின் தாய்,
ஷோகோ.


தெனோச்தித்லான்,
நீட்சி மாதம்.

பெருமாட்டி ஷோகோவுக்கு,

நீங்கள் என்னைத் திட்டி அனுப்பிய செய்தியை போச்சோ உங்களைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்காட்டினான். என் மைத்துனன் கைதட்டினான். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

பூசணி விதைக் குழம்பு வெற்றி. சட்டியை வழித்துவிட்டான். காது வலித்தது உண்மைதான், சொல்லாமல் மறைத்திருந்தான். தெய்கு உப்பொற்றடம் கொடுத்தாள். அவன் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு கொடுத்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன்.

எனக்கு ஒரு மகன் இருந்தான். ஒல்லின். கல்யாணம் பேசி, பெண் பார்த்து, தெய்கு அவனுக்கு மணமேலாடை நெய்யத் தொடங்கியிருந்தாள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளைப் பருத்தி, சுற்றிலும் சிவப்பில் சங்கு ஓரம். பாதி நெய்திருந்தபோது போருக்குப் போனான். அவனைப் பிடித்தது உங்கள் ஊர்க்காரன். துணி தறியிலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. போன வாரம் அவள் தூசி தட்டி நெய்ய உட்கார்ந்தாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

உங்கள் ஊரில் யாரோ ஒருவன் வீட்டு முற்றத்தில், கம்பத்தில், என் மகனின் தொடையெலும்பு தொங்குகிறது. என் வீட்டிலும் மூன்று தொங்குகின்றன, அதனால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அது யார் வீடு? அவன் எப்படிப் போனான்? தானாகக் கோயில் படியேறினானா? அழுதானா? வலது தொடையானால் அடையாளம் உண்டு. சிறு வயதில் ஓடத்திலிருந்து கல்படியில் விழுந்து உடைந்தது. கூடிய இடத்தில் புடைப்பாக இருக்கும்.

பதிலுக்கு உங்களுக்கு ஒரு மரியாதை செய்கிறேன். திருவிழாவுக்கு எதிரி நாட்டுப் பிரபுக்களையும் எங்கள் அரண்மனை இரகசியமாக அழைப்பது வழக்கம். பூக்களால் மறைத்த பந்தலுக்குள் உட்கார்ந்து பார்க்கலாம், வெளியே யாருக்கும் தெரியாது. நல்ல உபசாரம், கொக்கோ பானம், புகைக்குழல் எல்லாம் உண்டு. உங்களுக்கு ஓர் இடம் பிடித்துத் தருகிறேன். பிள்ளையின் கடைசி ஆட்டத்தைப் பெற்றவள் பார்க்க வேண்டாமா? எனக்கு அப்படி ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் போயிருப்பேன்.

அன்புடன்,
தோச்சின்.

(நீங்கள் சொன்னதற்காக அந்தப் பெயரை விட்டுவிட்டேன். தெய்குவுக்கு அதில் வருத்தம்.)


தலஷ்கலா,
மறுபிறப்பு மாதம்.

தோச்சினுக்கு,

உப்பை நாய்க்குப் போட்டேன் என்றது பொய். துணியில் சுற்றி, மக்காச்சோளக் குதிருக்குள் வைத்திருந்தேன். இங்கே குழந்தைகள் சாம்பலை நக்குகின்றன. அப்படிப்பட்ட ஊரில் யாரும் உப்பை நாய்க்குப் போடமாட்டார்கள்.

அந்த உப்பைக் கொண்டுதான் உங்கள் மகனை வாங்கினேன்.

ஒல்லினைப் பிடித்தவன் எங்கள் கீழ்த்தெருக்காரன். அவனும் இந்த வருடம் அத்லிஷ்கோ போரில் போய்விட்டான். அவன் விதவை நாலு பிள்ளைகளோடு கஞ்சிக்குத் தவிக்கிறாள். எலும்பு முற்றத்துக் கம்பத்தில்தான் இருந்தது, அதற்குப் போட்ட காகித முகமூடி நைந்து, கட்டியிருந்த சட்டை கிழிந்து. உப்புக்கட்டியை எடுத்துக் காட்டினேன். அவள் ஏணி வைத்து அவிழ்த்துக் கொடுத்தாள். வலது தொடை. புடைப்பு இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன்.

அவன் எப்படிப் போனான் என்று அவளிடம் கேட்டேன். அவள் நேரில் பார்த்தவள். யாரும் பிடிக்கவில்லையாம். தானாகவே, ஊர்ப்பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு ஏறினானாம். பாதியில் நின்று, பின்னால் வந்த கிழட்டுப் பூசாரிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டானாம். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள் என்றாள். போதுமா?

எலும்பை வைத்துக்கொண்டு உங்களிடம் பேரம் பேசியிருக்கலாம். பேசவில்லை. போச்சோவின் கூடையில் வருகிறது. தெய்குவின் கையில் கொடுங்கள்.

இப்போது நான் கேட்கிறேன். என் மகனை அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு ஒரு பிள்ளையின் எலும்பு வந்திருக்கிறது. எனக்கு உயிரோடு ஒருவன் வரட்டும்.

எப்படி அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறேன். இதை போச்சோ ஒரு சொல்லும் மாறாமல் ஒப்பிக்க வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பிடிபட்டவன் தப்பி வந்தால் இங்கே என்ன சட்டம் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் ஊரிலும் அதுதானே. சாதாரணக் குடியானவன் என்றால் எல்லைச் சுவரிலேயே காவலர்கள் கூழ் ஊற்றி, புதுத்துணி ஒன்று கொடுத்து, முதுகில் தட்டி அனுப்புவார்கள். யார் மகன் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். பிரபு வீட்டுப் பிள்ளை என்றால் சந்தையில் வைத்துத் தலையில் அடித்துக் கொல்வார்கள். சாமிக்கு என்று ஆனவன் சாமியை ஏமாற்றிவிட்டு வந்தான் என்பார்கள். அவன் அப்பா அந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கைதிக்கு அடையாளமாக உச்சிமுடியை நீங்கள் வெட்டியிருப்பீர்கள், அதை மறைக்க முடியாது. அதனால் அவன் குடியானவனாகத்தான் வர வேண்டும். கற்றாழை நார்த்துணி, அதுவும் பழையதாக. முழங்காலுக்கு மேலே நிற்க வேண்டும். பருத்தியும் நீளத்துணியும் கண்டால் பெரிய வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். காலில் செருப்பு கூடாது. காதில், உதட்டில் ஒன்றும் கூடாது. போச்சோவின் சுமைகாரர்களோடு மூட்டை தூக்கிக்கொண்டு வரட்டும். சுவரைத் தாண்டியதும் என் அண்ணன் அவனை மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போய்விடுவார். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது.

பூப்பந்தலில் எனக்கு இடம் வேண்டாம்.

சிமல்லியின் தாய்,
ஷோகோ.


தெனோச்தித்லான்,
மரம் நடும் மாதம். ஒன்பது கல்கத்தி ஆண்டு பிறந்துவிட்டது.

பெருமாட்டி ஷோகோவுக்கு,

கூடை வந்தது. தெய்கு எலும்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தப் புடைப்பில் கட்டைவிரலை வைத்து, சிறு வயதில் அவனுக்கு எண்ணெய் தேய்ப்பாளே, அந்த மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தாள். கிழட்டுப் பூசாரிக்குக் கை கொடுத்த கதையை போச்சோவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அது அவனேதான். ஓடத்தில் ஏறும் கிழவிகளுக்கெல்லாம் கை கொடுப்பான்.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. தெரு முழுக்க அவனை எண்ணிவைத்திருக்கிறது. விருந்துக்கு மிளகாய் காயவைத்தாகிவிட்டது. அவனை விட்டால் என் குடுமியை அறுத்து, மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்காதே என்பார்கள். இருபது வருடப் போர். இதுவரை நான் எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை.

அவனும் போகமாட்டான். கேட்டுப்பார்த்தேன். “அப்பா, என்னப் போயி ஓடுன்னு சொல்றீங்களே. ஒங்களுக்காக யாரு பதில் சொல்றது?” என்றான்.

மன்னியுங்கள். இன்னும் உப்பு அனுப்பியிருக்கிறேன்.

தோச்சின்.


தலஷ்கலா,
மரம் நடும் மாதம்.

தோச்சினுக்கு,

உப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மகனை நான் கம்பத்திலிருந்து இறக்கவைத்து, கழுவி, வெயிலில் உலர்த்தி, என் மாற்றுப் பாவாடையில் சுற்றி அனுப்பினேன். என் மகனை நீங்கள் மிளகாயோடு உலர்த்தப் போகிறீர்கள்.

தெய்குவிடம் கேளுங்கள். உங்களிடம் இனி நான் கேட்கவில்லை.

ஷோகோ.


தெனோச்தித்லான்,
தோல் உரிக்கும் மாதம்.

பெருமாட்டி ஷோகோவுக்கு,

அவனை அனுப்பிவிட்டேன். போச்சோவின் ஆட்களோடு இன்று சந்தை கலையும் நேரத்தில் கிளம்பினான். இந்தச் செய்தி அவனுக்குப் பின்னால் இன்னொரு சுமைகாரன் வாயில் வருகிறது. இது உங்களை அடையும்போது உங்கள் பிள்ளை உங்கள் அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். உங்கள் கடைசிச் செய்தியைக் கேட்ட தெய்கு அடுப்பை அணைத்துவிட்டாள். எனக்குச் சாப்பாடு இல்லை. மூன்றாம் நாள் வாய் திறந்தாள். “ஒருத்தனோட எலும்ப வாங்கி உள்ள வெச்சேன். இன்னொருத்தனோடத நீ கொண்டாந்து மாட்டுவியா? மாட்டு. அதுக்குப் பக்கத்துலயே என்னையும் மாட்டு” என்றாள். இருபது வருடமாகப் போரில் யாருக்கும் பின்வாங்காதவன் நான்.

சிமல்லியிடம், “மகனே, இது அப்பா சொல்ற கட்டள” என்றேன். அப்படிச் சொன்னால் அவனால் மறுக்க முடியாது. அழுதான். நானும்தான். இதை போச்சோவிடம் சொல்லிவிடாதீர்கள், ஊரெல்லாம் பாடிவிடுவான்.

தெருவுக்கு நான் ஓர் ஆள் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. கைதி தப்பிவிட்டான் என்று சொல்லி, சிமல்லியை வீட்டுக்குள் ஒளித்துவைத்து, அடிமைச் சந்தையில் ஒருவனை வாங்கி நிறுத்தினேன். ஆடத் தெரிந்த ஆள், கொஞ்சம் அசடு. பெயர் கேட்கவில்லை, கேட்டால் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். நேற்று அவன் காரியம் முடிந்தது. என் குடுமியை அறுத்துவிட்டார்கள். தெய்கு என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, வெயில் காலத்துக்கு நல்லதுதான் என்றாள்.

நீங்கள் சொன்னபடி பழைய நார்த்துணி வாங்கிவைத்திருந்தேன். செருப்பில்லை, காதில் ஒன்றுமில்லை. கிளம்பும் நேரத்தில் தெய்கு உள்ளே போய் அந்தச் சங்கு ஓர மேலாடையை எடுத்து வந்தாள். முடித்துவிட்டிருந்தாள். ஒல்லினுக்கு நெய்தது. “என் வீட்டுப் புள்ள மூட்ட தூக்குறவனாட்டம் வெறும் உடம்போட போறதா?” என்றாள். உங்கள் வார்த்தையை எடுத்துச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் மனம் ஒப்பவில்லை. எந்த அப்பன் தன் பிள்ளையைப் பிச்சைக்காரனாக வாசலைத் தாண்டவிடுவான்?

பயப்படாதீர்கள். மேலாடையை மடித்து உடம்போடு சுற்றிக் கட்டி, அதன் மேல் நார்த்துணியைப் போர்த்தி முடிச்சுப் போட்டுவிட்டேன். நானே சுற்றி வந்து பார்த்தேன், ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. சுவரைத் தாண்டும்வரை கழற்றக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். தாண்டிய பிறகு போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்கட்டும். அவனுக்கு அவ்வளவு பொருத்தம்.

அளவு சரியாக இருந்ததா என்று தெய்கு கேட்கிறாள். தோளில் கொஞ்சம் பிடிக்கும் என்று அவளுக்குச் சந்தேகம். ஒரு வரி சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
தோச்சின்.


தலஷ்கலா,
சிறு விழிப்பு மாதம்.

சிமல்லியின் தந்தை தோச்சினுக்கு,

உங்களை இப்படி அழைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

எல்லைச் சுவருக்கு அவன் வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். காவலர்கள் நல்லவர்கள். அறுத்த உச்சிமுடியைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்களாம். மூட்டையை இறக்கிவைத்தார்கள், கூழ் ஊற்றினார்கள். காவல் தலைவன் புதுத்துணி கொண்டுவந்தான். தப்பி வந்தவன் மேல் இருக்கும் எதிரி ஊர்த் துணியைத் தன் கையாலேயே அவிழ்த்து, நம் ஊர்த் துணியைப் போர்த்துவதுதான் இங்கே வழக்கம். நான் சொல்லி அனுப்பியிருந்தேன், புதுத்துணி கொடுப்பார்கள் என்று. பழையதை அவர்களே அவிழ்ப்பார்கள் என்று சொல்லவில்லை. அடியில் ஒன்று இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சிமல்லி கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறான், சத்தியத்துக்காக. அவன் கூச்சப்படுகிறான் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே அவிழ்த்தார்கள். வெள்ளைப் பருத்தி முழங்காலுக்குக் கீழே இறங்கியது. சங்கு ஓரத்தோடு.

சபைக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். நான் ஓடினேன். அவன் எங்கள் வீட்டுக்குப் பானை செய்யும் குயவனின் மகன், எனக்குத் தெரியும் என்று கத்தினேன். காவல் தலைவனுக்கு என் மேல் இரக்கம்தான். துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி, “குயவன் புள்ளைக்கு இந்தத் துணியா, அம்மா?” என்று மெதுவாகக் கேட்டான். பிறகு என் கணவரிடம் திரும்பி, இவன் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எங்கேயோ திருடிய துணி என்று அடித்துத் துரத்தியிருப்பார்கள். அவர் எழுந்து நின்றார். “என் மகன்” என்றார். பெருமையோடுதான் சொன்னார். அவன் பிறந்த அன்றுகூட அவர் இவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

சந்தையில், உப்பு விற்கும் இடத்தில். இப்போது அங்கே உப்பு இல்லை, இடம் காலியாகத்தான் கிடக்கிறது. மண்டியிட வைத்தார்கள். தடி ஓங்குவதற்கு முன்னால் சிமல்லி, “என் அன்பான அப்பா” என்றான். என் கணவரின் முகம் ஆடிப்போயிற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. குனிந்து, “சொல்லுப்பா” என்றார்.

“ஒங்கள இல்ல” என்றான். “அங்க இருக்கறவர.”

அதனால்தான் உங்களை அந்தப் பெயரில் அழைத்தேன். வைத்துக்கொள்ளுங்கள். அதை அவன் கொடுத்தான், நான் கொடுக்கவில்லை.

உங்கள் கல்லில் அவன் செத்திருந்தால் சூரியனோடு நடந்திருப்பான். நாலு வருடம் கழித்து ஒரு தேன்சிட்டாக என் பூந்தொட்டிக்கு வந்திருப்பான் என்று நானும் நம்பிக்கொண்டு கிடந்திருப்பேன். சந்தையில் அடிபட்டவனுக்கு அதெல்லாம் கிடையாது. அவன் இருட்டுக்குள் போகிறான், செத்தவருக்கு வழிகாட்டும் நாயும் துணையில்லாமல். கொன்றிருந்தால் நீங்கள் அவனை வாழவைத்திருப்பீர்கள். அனுப்புங்கள் என்று கேட்டவளும் நான்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் கேட்டது நார்த்துணி.

இன்னொன்று. உங்கள் ஒல்லின் தானாகப் படியேறவில்லை. நாலு பேர் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அம்மா, அம்மா என்று கத்தினான், முதல் படியிலேயே துணியை நனைத்துக்கொண்டான். அந்த விதவை எனக்குச் சொன்னது இதுதான். எந்தப் பூசாரிக்கும் அவன் கை கொடுக்கவில்லை. அந்தக் கதையை நான்தான் கட்டினேன், உங்கள் மனைவி ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதை தெய்குவின் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று போச்சோவிடம் சொல்லியிருக்கிறேன். இருமல் வந்தால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்வான்.

எலும்பு மட்டும் உண்மை. அதைத் திருப்பிக் கேட்கமாட்டேன்.

மேலாடை கூடையில் இருக்கிறது. ஏழு தண்ணீரில் துவைத்தேன், கறை போய்விட்டது. அளவைப் பற்றிக் கேட்டீர்கள். தோளில் பிடிக்கவில்லை, சரியாக இருந்தது. வெயிலில் விரித்து, விரல் விரலாகத் தடவி, எங்காவது நூல் அறுந்திருக்கிறதா, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். ஒரு கிழிசல் இருந்திருந்தாலும் குயவன் பிள்ளை என்று நம்பியிருப்பார்கள். ஒன்றுகூட இல்லை. உங்கள் மனைவி நன்றாக நெய்திருக்கிறாள்.

ஷோகோ.